லிங்க்டஸும் லினிமென்டும்

மருந்தாளுநர்கள் சேர்ந்து மலர் ஒன்று போடுகிறார்களாம். போர்ட் பிளேயரை ஒட்டிய புரோத்ராபூரில் இருக்கும் என் வீட்டுக்கு இரண்டு பேர் பஸ் பிடித்து வந்தார்கள். “சார், உங்க சர்வீஸ்ல நடந்ததுல சுவாரசியமா ஏதாச்சும் நாலு பக்கம் எழுதிக் குடுங்க” என்றார்கள். சுவாரசியமாம்! ஆயுசு முழுக்க மருந்து கலக்கியவன் சுவாரசியத்துக்கு எங்கே போவது? முட்டி வலிக்கிறது, ஒரு கண்ணில் புரை விழுந்துவிட்டது, எழுத உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.

புறப்படும்போது அவர்களில் ஒருவர், பாவம், சும்மாதான் கேட்டார். “அந்தக் காலத்துல லிங்க்டஸ், லினிமென்ட் ரெண்டையும் நீங்களே கலந்து, நீங்களே லேபிள் எழுதிக் குடுப்பீங்களாமே சார். மாறிப் போகாதா?” “அதெல்லாம் மாறாது, போயிட்டு வாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், மற்றதை மாற்றவில்லை.

தொழில் தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லிங்க்டஸ் என்பது இருமலுக்குக் குடிக்கிற மருந்து. பாகு போலக் கெட்டியாக, செம்பழுப்பாக, இனிப்பாக இருக்கும். லினிமென்ட் என்பது சுளுக்குக்கும் வலிக்கும் மேலே தேய்க்கிற மருந்து. டர்பென்டைன் எண்ணெயும் கற்பூரமும் சோப்பும் சேர்த்து நாங்களே கல்வத்தில் அரைப்போம். பால் போல வெள்ளையாகத் திரளும். வயிற்றுக்குள் போனால் விஷம். இங்கிலீஷில் எழுதிப் பார்த்தால் இரண்டு வார்த்தைக்கும் ஒரே முகஜாடை. முதல் மூன்று எழுத்தும் ஒன்று. அர்த்தத்தில் மட்டும் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். மதுரையில் கம்பவுண்டர் படிப்பு படித்தேன். படித்தது என்ன, தராசு பிடித்தேன், அடி வாங்கினேன், பாஸ் செய்தேன். அந்தமானில் வேலை என்றதும் வீட்டில் ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். கப்பலில் நாலு நாள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டு போர்ட் பிளேயரில் இறங்கினேன். ஐம்பதுகளின் கடைசி அது. ஐந்தாறு வருஷம் இங்கேயும் அங்கேயுமாக ஓடி, லாங் ஐலண்டுப் பக்கத்தில் மரம் வெட்டுகிறவர்களின் முகாம் ஒன்றில், தகரக் கூரை போட்ட டிஸ்பென்சரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கேதான் டாக்டர் சபாபதியிடம் மாட்டினேன்.

டாக்டர் மெட்ராஸ்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று கணக்கு. என்னை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ‘மிஸ்டர் தங்கராஜ்’ என்றுதான் கூப்பிட்டார். முகாமில் மற்ற எல்லோருக்கும் நான் கம்பவுண்டர் பாபு.

சேர்ந்த முதல் வாரமே ஒரு சீசாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். லேபிளில் நான் அந்த முதல் மூன்று எழுத்தை மட்டும் எழுதிப் புள்ளி வைத்திருந்தேன். மதுரையில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம்.

“மிஸ்டர் தங்கராஜ், இது என்ன?”

“லினிமென்ட் சார்.”

“எனக்கு அப்படித் தெரியலையே. லிங்க்டஸா இருக்கலாம் இல்லையா?”

“மோந்து பார்த்தாலே தெரியும் சார்.”

“அப்போ லேபிள் எதுக்கு? எல்லாரையும் மோந்து பார்க்கச் சொல்லிடலாமே.” கண்ணாடியைக் கழற்றினார். “லத்தீன்ல ஒண்ணு நக்கறது, இன்னொண்ணு பூசறது. நக்க வேண்டியதைப் பூசினா ஒரு மோசமும் இல்லை. பூச வேண்டியதை நக்கினா ஆளே காலி. முழுசா எழுதுங்க.”

எழுதினேன். அவரிடம் வேலை செய்த நான்கு வருஷமும் முழுதாகத்தான் எழுதினேன். அதோடு விட்டாரா மனுஷன்! ஒவ்வொரு மருந்தையும் மூன்று முறை படிக்க வேண்டும். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, ஊற்றும்போது ஒரு முறை, திரும்ப வைக்கும்போது ஒரு முறை. உதடு அசைய வேண்டும். அவர் பின்னால் நின்று என் தாடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பிடரியில் வியர்க்கும்.

அப்புறம் சீசா. அரசாங்கச் சீசா கிடையாது; மருந்துக்கு வருகிறவர்கள் தாங்களே கொண்டுவர வேண்டும். ரம் பாட்டில், தலையெண்ணெய்ச் சீசா, சாராய நெடி போகாத குப்பி என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். வெந்நீர் விட்டுக் கழுவி, மருந்தை ஊற்றி, காகிதத்தைச் சுருட்டி மூடியாக அடைத்துக் கொடுப்போம். குடிக்கிற மருந்தானால் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, காகிதப் பட்டையைப் படிப்படியாக வெட்டி மைதாப் பசையில் ஒட்டுவோம். தேய்க்கிற மருந்துக்குப் பட்டை கிடையாது.

கடைசியாகத்தான் டாக்டரின் பெரிய சட்டம். இரண்டு மருந்து வாங்குகிறவர் யாரானாலும், எது குடிப்பது, எது தேய்ப்பது என்று சீசாவின் மேல் விரல் வைத்துத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் நான் கையை எடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும்! வங்காளி, ராஞ்சிக்காரர், தெலுங்கர், மலையாளி, நம் ஆள் என்று காலையில் அறுபது எழுபது பேர் வரிசையில் நிற்பார்கள். எல்லோருக்கும் பொது பாஷை தீவு இந்திதான். “ஏ பீனே கா, ஓ லகானே கா” என்று, அதாவது இது குடிக்க, அது தேய்க்க என்று, நான் தொண்டை வறளக் கத்துவேன். வங்காளிப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், சொல்ல மாட்டார்கள். ராஞ்சிக்காரர் ஒருவர் இரண்டு சீசாவையும் காட்டி இரண்டுமே பீனே கா என்பார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பேன். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு என் சோறு ஆறிப்போய் எறும்பு ஏறியிருக்கும்.

அலுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒரு நாள் காகிதக் கட்டு கட்டுவதற்கு வைத்திருந்த சிவப்பு நூல்கண்டைப் பார்த்தேன். தேய்க்கிற மருந்துச் சீசாவின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். நூல் இருந்தால் குடிக்கக்கூடாது, அவ்வளவுதான். முகாமில் பழைய ஆட்களுக்கு இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. சன்னலுக்கு வந்து, “பாபு, லால் தாகா வாலா” என்று அவர்களே கேட்டு வாங்கினார்கள். சிவப்பு நூல் கட்டிய மருந்து! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டர் கண்ணில் அது பட்டபோது, துடைத்தார் துடைத்தார், கண்ணாடி தேய்ந்துபோகிற அளவுக்குத் துடைத்தார்.

“அடையாளம் சார். இங்க யாரும் இங்கிலீஷ் படிக்கிறதில்ல. இது எல்லாருக்கும் புரியுது” என்றேன்.

“எல்லாருக்கும்னா யாருக்கு? போன மாசம் வந்தவனுக்கா, நாளைக்கு வரப்போறவனுக்கா?” கத்தரிக்கோலை எடுத்து அவரே நூலை வெட்டினார். “நூல் பேசாது மிஸ்டர் தங்கராஜ். நீங்க பேசுங்க.”

அவர் முன்னால் விட்டுவிட்டேன். ஆனால் வாரத்தில் ஒரு நாள் அவர் டுங்கியில் ஏறி, கழிமுகத்தைத் தாண்டி மற்ற முகாம்களுக்கு நோயாளி பார்க்கப் போவார். டுங்கி என்றால் இங்கே படகு. அது துறையை விட்டு நகர்ந்ததும் நான் மேஜை இழுப்பறையைத் திறந்து நூல்கண்டை எடுப்பேன். அந்த ஒரு நாள் எனக்கு ஒரு மணிக்கே சோறு.

கருப்பையா வந்ததும் அப்படி ஒரு நாளில்தான். பர்மாவில் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறிய தமிழ்க் குடும்பம். முகாமுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மரம் உருட்டும்போது தோளில் அடிபட்டு வீங்கியிருந்தது. அவன் மகள் மாரிக்கு நாலு வயது, இருமல். இரண்டு பேரையும் டாக்டர் முந்தின நாள் சாயங்காலமே பார்த்து மருந்து எழுதியிருந்தார். அதை வாங்க அவன் மட்டும் இரண்டு சீசாவோடு காலையில் வந்தான்.

மூன்று முறை படித்துத்தான் ஊற்றினேன். அதில் குறை கிடையாது. லேபிளும் முழுதாகத்தான் எழுதினேன். லிங்க்டஸுக்குக் காகிதப் பட்டை ஒட்டினேன். லினிமென்டுக்கு நூல் கட்டினேன். தமிழன். என் பாஷையிலேயே ஒரு வரி சொல்லியிருக்கலாம். “இது பிள்ளைக்கு, இது ஒன் தோளுக்கு.” ஐந்து வார்த்தை. வரிசை நீளமாக இருந்தது.

“சீக்கிரம் குடுங்க பாபு, மேஸ்திரி கத்துவான்” என்றான் அவன்.

“எல்லாம் கட்டியிருக்கு, போ” என்றேன்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குச் சன்னலைத் திறந்தபோது முதல் ஆளாகக் கருப்பையா நின்றான். சட்டை போடவில்லை. தோளைச் சொறிந்துகொண்டே சிரித்தான்.

“பாபு, என்ன மருந்து குடுத்தீங்க? தேச்சிட்டுச் செத்த நேரம் படுத்தேன், ஊர்ல உள்ள எறும்பெல்லாம் மொய்க்குது! பாகு கணக்கா ஒட்டுது பாருங்க.”

நான் சன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் தோளைத் தொட்டேன். விரலை மூக்கருகே கொண்டுபோனேன். மோந்திருக்கவே வேண்டாம். சிறு எறும்பு என் விரலில் ஏறியது.

“பிள்ளைக்குக் குடுத்தியா?” என்று கேட்டேன்.

“ரெண்டு வேளை குடுத்தாச்சு. அது நல்ல மருந்து பாபு. மொதல்ல ஓங்கரிச்சுது, அப்பறம் இருமலே இல்ல. அசந்து தூங்குது.”

சன்னலைச் சாத்தினேனா, வரிசையில் நின்றவர்களிடம் என்ன சொன்னேன், எதுவும் நினைவில்லை. டாக்டரின் டுங்கி திரும்புகிற நேரம், அவரைக் கூட்டிவரக் காவல்காரச் சௌக்கிதாரைப் படகுத்துறைக்கு விரட்டியது மட்டும் நினைவிருக்கிறது. மரக்கட்டைகள் கிடந்த களத்தின் நடுவே ஓடினேன். கருப்பையா பின்னால், “என்ன பாபு, என்னாச்சு பாபு” என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தான்.

வரிசை வீட்டில் நாலாவது அறை. பேச்சி, அவன் பெண்டாட்டி, பிள்ளையை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். அறை முழுக்க டர்பென்டைன் நெடி. மாரிக்கு மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. உதடு நீலம். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடியது. அதன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கப் போனேன். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. பர்மாவிலிருந்து புறப்படும்போது பயம் அண்டாமல் இருக்க மாரியம்மன் கோயிலில் கட்டியதாம்.

தலைமாட்டில் லினிமென்ட் சீசா. அதன் கழுத்திலும் சிவப்பு நூல்.

அட பாவி, பாவி! எனக்குத் தெரியாததா அது? பயந்த பிள்ளைக்கும் நோஞ்சான் பிள்ளைக்கும் சிவப்புக் கயிறு மந்திரித்துக் கட்டுவது எங்கள் ஊரில் இல்லாத வழக்கமா? எனக்கே பத்து வயதுவரை என் அம்மா கட்டிவிட்டிருந்தாள். மதுரையில் விஷ அலமாரிக்குச் சிவப்பு, விஷ லேபிளுக்குச் சிவப்பு என்று இரண்டு வருஷம் படித்ததில் மற்றதெல்லாம் மண்டையை விட்டுப் போய்விட்டது. வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும் என் பழக்கத்தைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். இவள் கேட்கவில்லை. இவளுக்குக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. பால் மாதிரி வெள்ளை மருந்து, கழுத்தில் கயிறு. பிள்ளைக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

பேச்சியும் கருப்பையாவும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சீசாவை எடுத்து, நூலை ஒரே இழுப்பில் அறுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எந்த யோசனையும் இல்லாமல் கை தானாகச் செய்தது என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். யோசித்துத்தான் செய்தேன்.

உப்புத் தண்ணீர் கலக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்துவிட்டார். “வாந்தி எடுக்க வைக்காதீங்க, நெஞ்சுக்குள்ள போயிடும்” என்று சொம்பைத் தட்டிவிட்டார். குழந்தையின் வாயை மோந்தார், மார்பில் குழல் வைத்துக் கேட்டார், ஏற்கெனவே நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார். தன்னிடம் இருந்த ஊசி எல்லாம் போட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வயர்லெஸ்ஸில் லாஞ்ச், அதாவது மோட்டார் படகு, கேட்டார். மறுநாள் காலையில் வரும் என்று பதில் வந்தது. அந்த இரவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. காலையில் லாஞ்ச் வந்து கரை தட்டியபோது ஏற்றுவதற்குப் பிள்ளை இல்லை.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் டிஸ்பென்சரியில் விசாரணை. டாக்டர் மேஜைக்குப் பின்னால். எதிரே கருப்பையா. பேச்சி சுவரோடு சுவராகத் தரையில். நான் என் அலமாரிப் பக்கம். மேஜைமேல் இரண்டு சீசா. டாக்டர் லேபிள்களைப் படித்தார். உதட்டை அசைத்துத்தான் படித்தார்.

“முழுசா எழுதியிருக்கு” என்றார். பிறகு பேச்சியைப் பார்த்தார். “ஏம்மா, இதை எதுக்குப் பிள்ளைக்குக் கொடுத்தே?”

“கயிறு கட்டியிருந்துச்சு சாமி.”

“என்ன கயிறு?”

“செவப்புக் கயிறு. கம்பவுண்டரய்யா பிள்ளைக்குன்னு மந்திரிச்சுக் கட்டிக் குடுத்திருக்காருன்னு நெனச்சேன்.”

டாக்டர் சீசாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் எதுவும் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

“மிஸ்டர் தங்கராஜ், திருப்பிச் சொல்லச் சொன்னீங்களா?”

“சொன்னேன் சார்.”

என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

“இவர் சொன்னாரா?” என்று டாக்டர் கருப்பையாவைக் கேட்டார்.

கருப்பையா என்னைப் பார்த்தான். நான் கும்பிடாத குறையாக நின்றேன். ஆனால் அடுத்து அவன் சொன்னது எனக்காக இல்லை. மேஸ்திரிக்குப் பயந்து, கேட்காமல் கொள்ளாமல் சீசாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது அவன்தானே? அவன் மகள், அவன் கையால் வாங்கி வந்த மருந்து. அவனுக்கும் ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது.

“சொன்னாரு சார்” என்றான். “ரெண்டு தரம் சொன்னாரு. நானும் வீட்டுல சொல்லித்தான் குடுத்தேன். இந்த மூதேவிதான் மாத்திக் குடுத்துட்டா.”

பேச்சி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். சொல்லவில்லையே என்று அவள் சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ வாயைத் திறந்து, “நீ சொன்னியா? எனக்குக் காதுல விழலையே, எனக்குக் காதுல விழலையே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். புருஷன் பொய் சொல்வான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் காதுதான் பழுது என்று நம்பினாள்.

டாக்டர் எழுதினார். மருந்து சரி, லேபிள் சரி, சொல்லிக் கொடுத்தது சரி, தாயின் கவனக்குறைவு. நான் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதையும் சுருக்காமல் முழுதாகத்தான் போட்டேன்.

மறுநாள் மேஜை இழுப்பறையைத் திறந்தால் நூல்கண்டு இல்லை. டாக்டர் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மருந்து கொடுக்கிற நேரத்தில் அவரே சன்னலில் வந்து நின்று, ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். டுங்கியில் போகிற நாளில் சன்னலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். மாற்றல் வந்து புறப்படும்போது எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கு மட்டும் தலையை அசைத்தார்.

கருப்பையா குடும்பம் இன்னும் ஒரு வருஷம் முகாமில் இருந்தது. சாராயம் உள்ளே போனால் அவன் வரிசை வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, “பெத்த பிள்ளைய வெசம் வச்சுக் கொன்னவளே” என்று கத்துவான். மற்றப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவளிடம் விடுவதில்லை. நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். அப்புறம் அவர்கள் போர்ட் பிளேயர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டபோது எனக்குக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருந்தது. இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது. எழுபதுகளின் கடைசியில் நான் போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் ஒரு மருந்தகத்தில் இருந்தேன். ஒரு நாள் காலையில் சன்னலில் தகராறு. எனக்குக் கீழே வேலை பார்த்தவர் எரிச்சலோடு உள்ளே வந்தார். “சார், ஒரு அம்மா நகரவே மாட்டேங்குது. தேய்க்கிறதுன்னு நாலு தரம் சொல்லிட்டேன். திரும்பத் திரும்பக் கேட்குது. பயித்தியம் போல.”

போய்ப் பார்த்தேன். நரைத்த தலை, கையில் லினிமென்ட் சீசா. சட்டென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“கம்பவுண்டரய்யா! நல்லாருக்கீங்களா? நான் பேச்சி. மாரியோட ஆத்தா. முட்டிவலிக்குக் குடுத்தாக. இது குடிக்கிறதில்லையே? நீங்களே ஒரு தரம் பாத்துச் சொல்லிருங்க. எம் புத்திதான் ஒங்களுக்குத் தெரியுமே.”

எம் புத்திதான் ஒங்களுக்குத் தெரியுமே! சிரித்துக்கொண்டே சொன்னாள். பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே போய், அவளை வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார வைத்தேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கருப்பையா போன வருஷம் ஈரல் கெட்டுச் செத்துவிட்டான் என்றாள். ஒரு மகன் படிக்கிறான், அவள் கட்டட வேலைக்குப் போகிறாள்.

அதற்கு மேல் பொறுக்க என்னால் முடியவில்லை. சொன்னேன். நூல் கட்டியது நான். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கட்டினேன். எது குடிக்க, எது தேய்க்க என்று அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நூலை அறுத்துப் பையில் போட்டேன். டாக்டரிடம் பொய் சொன்னேன். நீ கண்ட கயிறு நிஜம். உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

அவள் அழுவாள், காறித் துப்புவாள், செருப்பால் அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் சீசாவை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ கணக்குப் போடுகிறவள் போல உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப நீங்க எங்க வீட்டுக்காரருகிட்ட ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலையா அய்யா?”

“இல்லம்மா.”

“நீங்க ரெண்டு தரம் சொன்னீங்கன்னு அவரும் சொன்னாரே, டாக்டருகிட்ட.”

நான் என் காரியத்தை மட்டும் சொல்லி மனப்பாரத்தை இறக்கிக்கொள்ளத்தான் வெளியே வந்தேன். இதை நான் யோசிக்கவில்லை.

“அப்ப, நான் தப்புப் பண்ணலைன்னு அவருக்குத் தெரியும்” என்றாள்.

செத்தவனைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மறந்திருப்பான் என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே அவளிடம் சொன்ன பொய் போதும் என்று இருந்தது.

“தெரியும்மா.”

பேச்சி எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். சீசாவை என் பக்கத்தில் பெஞ்சிலேயே வைத்துவிட்டாள்.

“சாகுறதுக்கு மொத நாளு ஆஸ்பத்திரியில என்னையக் கிட்டக் கூப்பிட்டாரு அய்யா” என்றாள். “கையப் புடிச்சுக்கிட்டு, ‘பேச்சி, பிள்ளை விசயத்துல ஒன்னைய நான் மன்னிச்சுட்டேன்’னாரு. நான் அவரு கால்ல விழுந்து கும்புட்டேன்.”